ஏற்காட்டுக்கு அன்றாடம் சென்று வருகிறேன்: பெட்ரோலிலும் ஈபி பில்லிலும் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கன்னங்குறிச்சி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேலம் கன்னங்குறிச்சியில் வசிக்கிறோம். ஏற்காட்டில் உள்ள ஒரு பள்ளியில் பணிபுரிவதால், பள்ளி நாள்களில் எங்கள் சிறிய பெட்ரோல் காரில் காலையில் மலையேறி மாலையில் இறங்குகிறேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி நிற்கும் நிலையில், சம்பளத்தில் கணிசமான பகுதி வண்டிக்கே போய்விடுகிறது. கோடை வந்தால் ஈபி பில்லும் சேர்ந்துகொள்கிறது. மாசி, பங்குனியிலேயே ஏசி ஓடத் தொடங்கி, இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறோம்.

பணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்க, இந்த மலையின் காற்றில் தினமும் புகையைக் கலந்துவிட்டு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. உடன் பணிபுரிபவர்கள் சிலர், இறங்கும்போது நியூட்ரலில் போட்டுவிட்டால் பெட்ரோலே செலவாகாது என்கிறார்கள். அது உண்மையா? மின்சார ஸ்கூட்டருக்கு மாறினால் மலை ஏறுமா? வீட்டுச் செலவில் முதலில் எதை மாற்ற வேண்டும்? மாடியில் சோலார் போடுவதா, அதற்கு முன் செய்ய வேண்டியவை ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மலைப்பாதை ஓட்டுநர்

வணக்கம் அம்மா. இந்தப் பாதையில் பல ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுபவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நியூட்ரலில் இறங்குவதால் இன்றைய கார்களில் பெட்ரோல் மிச்சமாவதில்லை; கூடுதலாகத்தான் செலவாகிறது. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன என்பதை வண்டியின் கணினி உணர்ந்து, இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி) வழியாகப் போகும் பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. எஞ்சின் வேகம் மிகவும் குறையும்போதுதான் மறுபடியும் பெட்ரோலைத் திறந்துவிடும். நியூட்ரலிலோ சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லாததால், எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க அது தொடர்ந்து பெட்ரோலைக் குடித்தாக வேண்டும். ஒரு சிறிய கார் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் செலவாகும். முக்கால் மணி நேரம் மலையிறங்கும் பயணத்தில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பழைய காலத்து உண்மை. இன்ஜெக்டருக்குப் பதிலாகக் கார்புரேட்டர் வைத்த வண்டிகளில், கியரில் இறங்கினாலும் எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருந்தது. அந்த வண்டிகள் போய்விட்டன, பேச்சு மட்டும் தங்கிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 எனும் வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புதிய இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் இன்ஜெக்டர் வண்டிகள்தான்.

செலவைவிடப் பெரிது உயிர். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் நியூட்ரலில் இறங்கினால், வண்டியின் முழு எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியிருக்கும். பிரேக் பேடு சூடேறி, பிரேக் ஆயில் கொதிநிலையை நெருங்கும்போது, மிதி அமுங்கும், வண்டி நிற்காது. கீழே இறங்கிவரும் வண்டிகளின் சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வருவதை அடிவாரத்தில் நிற்கும் எவரும் உணரலாம். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடியது. பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட அமைப்பு இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துபோகும், பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த பெரியவர்கள் சொன்னதில் பாதுகாப்பும் சிக்கனமும் சேர்ந்தே இருக்கின்றன. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த வசதி குறைவு என்பதால், இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து, சூடேறியதாகத் தோன்றினால் ஓரங்கட்டி ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஏறும்போது மிச்சம் பிடிக்க வழி, நிற்காமல் சீராக ஏறுவதுதான். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றத் தடுமாறுவதைவிட, வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்துக்கொண்டு எஞ்சின் திணறாமல் திரும்புங்கள். உயர் கியரில் வைத்துத் திணறத் திணற ஆக்சிலரேட்டரை மிதிப்பது சிக்கனம் அன்று. இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. சரிவில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவதற்கு ஆகும் பெட்ரோலை நினைத்தால், அந்த விதி எவ்வளவு நியாயமானது என்று புரியும். நீங்கள் இறங்கும்போது பிறருக்கு அதைத் தவறாமல் செய்யுங்கள். பாதி மலை ஏறியதும் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். மலைப்பாதையின் மெதுவான வேகத்தில் திறந்த சன்னலால் வரும் காற்றுத்தடை பொருட்படுத்தத் தக்கதன்று. சமவெளியில் எண்பதில் போகும்போது அதே கணக்கு மாறிவிடும்.

டயர் காற்றைக் காலையில் சக்கரம் சூடேறுவதற்கு முன் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் எத்தனை என்று எழுதியிருக்கும். பங்க்கில் கேட்காமலே அடித்துவிடும் பொதுவான அளவை நம்ப வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார்

ஓட்டுநர் நண்பர் மிகச் சரியாக எழுதியிருக்கிறார். நான் எடையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் மலைப்பயணத்தில் பணம் அங்கேதான் கரைகிறது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அதாவது ஒவ்வொரு காலையும் உங்கள் காரையும் உங்களையும் 1200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறீர்கள். காரின் எடை 900 கிலோ, உங்கள் எடை 60 கிலோ என்று கொண்டால், இந்தத் தூக்குதலுக்கு மட்டும் ஏறத்தாழ 11 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும், எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் உருப்படியான வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும். எனவே உயரத்துக்காக மட்டும் ஒன்றரை லிட்டரை ஒட்டிச் செலவாகிறது. தொலைவுக்கான பெட்ரோல் இதற்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டியது, தூக்கப்படும் 960 கிலோவில் நீங்கள் வெறும் 60 கிலோ என்பதுதான். உடன் பணிபுரியும் மூவரை ஏற்றிக்கொண்டால் மொத்த எடை 1140 கிலோ ஆகும். செலவு ஐந்தில் ஒரு பங்குதான் கூடும், ஆனால் மலையேறுபவர்கள் நால்வர். ஒருவருக்கான செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பதால், உங்கள் மனத்தை உறுத்தும் புகையும் அதே விகிதத்தில் குறையும். ஓட்டும் முறையில் எவ்வளவு திருத்தம் செய்தாலும் கிடைக்காத மிச்சம் இது. உங்கள் பள்ளியிலேயே அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கத்திலிருந்து வருபவர்கள் இருப்பார்கள். சொந்த வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதற்குச் சட்டம் இடம் தராது. ஆகவே, ஆளுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்துக்கொண்டு அவரவர் வண்டியை எடுப்பதே சிக்கலில்லாத ஏற்பாடு.

டிக்கியில் கிடக்கும் தேவையற்ற பொருள்களை எடுத்துவிடுங்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். எடுக்கலாம், ஆனால் பத்துக் கிலோவைக் குறைப்பதால் ஒரு ஏற்றத்துக்கு மிச்சமாவது ஒன்றிரண்டு ரூபாய்தான். அதைவிட, பேருந்து நேரம் ஒத்துவரும் நாள்களில் பேருந்தில் செல்வது எவ்வளவோ மேல்.

மின்கணக்கு

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். இப்போதுள்ள கட்டண முறையில் முதல் 100 யூனிட் அனைவருக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் சலுகை விலையில் கிடைக்கின்றன. 500-ஐத் தாண்டியவுடன், தாண்டிய யூனிட் ஒவ்வொன்றுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் ஆவதோடு, கீழே இருந்த அந்தச் சலுகையும் பறிபோய்விடுகிறது. 501-ஆவது யூனிட் ஒன்றே பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே, உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மிச்சப்படுத்த வேண்டியது பொதுவாக மின்சாரத்தை என்று நினைக்காமல், அந்த 500-க்கு மேலே நிற்கும் யூனிட்டுகளை என்று நினையுங்கள். ரீடிங் எடுத்த நாளைக் குறித்துவைத்து, ஒரு மாதம் ஆனதும் மீட்டரை நீங்களே பாருங்கள். 250-ஐக் கடந்திருந்தால் அடுத்த மாதத்தில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில், பிஎல்டிசி எனப்படும் மின்சிக்கன மோட்டார் விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். மூன்று விசிறிகள் நாளுக்கு 12 மணி நேரம் சுற்றும் வீட்டில், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 97 யூனிட் குறையும். 550-க்கும் 600-க்கும் இடையில் நிற்கும் ஒரு வீட்டை இந்த ஒரு மாற்றமே 500-க்குள் கொண்டுவந்துவிடும். 2023 முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், கடையில் அட்டையைப் பார்த்தே வாங்கலாம்.

அடுத்தது மொட்டைமாடி. சேலத்து வெயிலில் பகல் முழுவதும் காய்ந்த காங்கிரீட், இரவு பத்து மணிக்கும் அறைக்குள் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். உங்கள் ஏசி உண்மையில் அந்தத் தளத்தோடுதான் போராடுகிறது. மாசி மாதத்திலேயே தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பைக் குழைத்து, ஒட்டுவதற்குப் பெவிகால் கலந்து இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். சாயம் விற்கும் கடைகளில் கிடைக்கும் குளிர்கூரைப் பூச்சு அதிக நாள் நிற்கும், விலையும் அதிகம். எதுவானாலும் வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால், ஏசி ஓடும் நேரம் குறையும். ஏசியை 18-இல் வைப்பதால் அறை விரைவாகக் குளிர்வதில்லை. அது நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவே. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் குறையும் என்பது எரிசக்தி சிக்கனப் பணியகத்தின் கணக்கு. 26-இல் வைத்து விசிறியையும் சுற்றவிடுவது போதுமானது.

ஏற்காடு இல்லத்தரசி

அடுப்படி பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். எங்கள் மலையில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் இப்படி. அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் கீழே ஆவதைவிட நெடுநேரம் ஆகும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, ஆவியாகித்தான் போகும். குக்கர் இல்லாமல் இங்கே சமைப்பது எரிவாயுவைக் காற்றில் விடுவதற்குச் சமம். கன்னங்குறிச்சியிலும் இதே வழக்கம் பயன் தரும்: பருப்பையும் பயறையும் முன்கூட்டியே ஊறவைத்துவிடுங்கள், முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கிவிடுங்கள். விசில் என்பது உள்ளிருந்து வெப்பம் வெளியே வீணாவதன் ஓசை. அதை எண்ணிக்கொண்டு பெரிய தீயில் வைத்திருக்க வேண்டியதில்லை.

கீசர் வைத்திருந்தால், குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடுங்கள். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஆகிவிடும்.

கன்னங்குறிச்சி ஆசிரியை

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நியூட்ரல் பற்றிய விளக்கத்தை நாளையே ஆசிரியர் அறையில் சொல்லிவிடுகிறேன்; காரை முறைவைத்து எடுப்பது குறித்தும் இருவரிடம் பேசிவிட்டேன், அவர்கள் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. மற்றவர்கள் வராத நாள்களில் மின்சார ஸ்கூட்டரில் மலையேற முடியுமா? சோலார் போட்டால் கரண்ட் போகும் நேரத்தில் ஏசி ஓடும் என்று ஒரு விற்பனையாளர் சொன்னார், அதை நம்பலாமா?

இயற்பியல் வாத்தியார்

ஸ்கூட்டர் 120 கிலோ, நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1200 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் இழப்புகளையும் சேர்த்து முக்கால் யூனிட் அளவில் ஆகும். 30 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். ஆக, மேலே போய்ச் சேர இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 3 கிலோவாட் மணி, அதாவது 3 யூனிட் பேட்டரி கொண்ட வண்டியில் தனியாளாகத் தாராளமாக ஏறிவிடலாம். பின்னால் இன்னொருவரை ஏற்றினால் மோட்டார் சூடேறி, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும். வாங்குவதற்கு முன் சோதனை ஓட்டத்தை நகருக்குள் ஐந்து ரோட்டில் முடித்துக்கொள்ளாமல், மலைப்பாதையிலேயே கேளுங்கள்.

இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தரும், பிரேக்கின் சுமையும் குறையும். ஆனால் பள்ளியில் சார்ஜ் போட்டுப் பேட்டரியை முழுவதும் நிரப்பிவிட்டு இறங்கினால், வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லாமல் அந்த அமைப்பு தொடக்கத்தில் வேலை செய்யாது. கையில் பிடிக்கும் பிரேக்கை நம்பித்தான் முதல் சில வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். மேலே சார்ஜ் போடுவதாக இருந்தால் எண்பது விழுக்காட்டோடு நிறுத்திவிடுங்கள்.

மின்கணக்கு

சோலார் பற்றி அந்த விற்பனையாளர் சொன்னது தவறு. மின்வாரியக் கம்பியோடு இணைத்து, பேட்டரி இல்லாமல் போடும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மீது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே, சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி சேர்த்தால்தான் கரண்ட் இல்லாதபோதும் ஓடும்; அதன் செலவு தனி.

மற்றபடி, உங்கள் வீட்டுக்குச் சோலார் பொருத்தமானதே. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும், நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் விசிறியையும் தளத்தையும் சரிசெய்து ஒரு கோடையைக் கடந்த பிறகு, உங்களுக்கு மூன்று கிலோவாட் தேவையா, இரண்டே போதுமா என்று முடிவு செய்யுங்கள். ஸ்கூட்டரை வீட்டில் சார்ஜ் போடுவதாக இருந்தால் அந்த யூனிட்டுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோலார் இல்லாத நிலையில் அவை 500-க்கு மேலேதான் போய் விழும். சோலார் பலகை பொருத்த இடம் பார்க்க வருபவரைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடிக்கு அழைத்துச் சென்று, பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எதுவரை வருகிறது என்று சாக்பீசால் கோடு போடச் சொல்லுங்கள். வரிசையில் ஒரு பலகை மீது நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதின் உற்பத்தியும் குறையக்கூடும்.